மூணு பேர் ஒரு போன்

பள்ளிப்பட்டு தாண்டி நகரிக்குப் போகும் சாலையில்
பஸ் நிற்காத ஊர்.
என் கழுத்து அட்டையில் பதினேழு நிறத்தில் ஒரு சக்கரம்.
ராட்டினமா என்றது ஒரு குழந்தை.
உலகம் என்றேன்.
அதற்குச் சிரிப்பு வந்தது.

நோய் போன பிறகு உலகம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று
யாருக்கோ தெரிய வேண்டும்.
அதற்கு வீட்டுக்கு அறுபத்திரண்டு கேள்வி,
வீட்டுக்கு நாற்பது ரூபாய்,
பெட்ரோல் என்னுடையது.

சமையல் எரிவாயு உண்டா?
உண்டு.
சிலிண்டர் மேல் உட்கார்ந்து
நாகபூஷணம் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.
பின்பக்கம் கருவேல விறகு புகைந்தது.
'உண்டு' என்பதைத் தொட்டால் பச்சை வரும்.
தொட்டேன். வந்தது.

குடிநீர்க் குழாய்?
இருக்கிறது, நீலக் குழாய்.
அதன் கழுத்தில் ஒரு ஜாக்கெட் காய்ந்தது.
தண்ணீர் வருதான்னும் கேப்பீங்களா என்றாள் சுகுணா.
அது படிவத்தில் இல்லை.
'அப்ப இருக்குன்னே போட்டுக்கோ.'

தறி ஓடும் வீட்டில் கேள்வி கேட்டால்
பதில் நாடாவோடு அந்தப் பக்கம் போய்த்தான்
திரும்பி வரும்.
படிப்பு எந்த வகுப்பில் நின்றது?
சுகுணாவின் மகள் தேசராணி
இழை அறுந்த இடத்தில் தறியை நிறுத்தினாள்.
ஒன்பது.
காரணம்? வறுமை, தூரம், திருமணம், மற்றவை.
'அப்ப கிளாஸெல்லாம் போன்லதானே.
வீட்ல நாங்க மூணு பேர், போன் ஒண்ணு.
தம்பிக்குக் குடுத்தாங்க.'
மற்றவை.
மற்றவைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்.
பதினேழு தட்டல்தான் தாங்கும்,
காலும் கொம்பும் தனித்தனிக் கணக்கு.
'மூணு பேர் ஒரு போன' என்று நின்றுவிட்டது.
புள்ளிவிவரத்தில்
புள்ளிக்கு இடமில்லை.
போனது போனதாகவே இருக்கட்டும் என்று நகர்ந்தேன்.

கேள்வி நாற்பத்தாறு, கழிப்பறை.
சிமெண்ட் கல், தகரக் கதவு, உள்ளே வாளி, புழக்கத்தில் உள்ளது.
இத்தனை நேரத்தில் முதல் உண்மையான பச்சை.
எப்போது கட்டியது?
சுகுணா வாசலுக்கு வந்து சாலையைக் காட்டினாள்.

அந்த வருஷம் ராத்திரியோடு ராத்திரியாக
அங்கே குறுக்கே ஒரு சுவர் எழும்பியது.
நோய் அந்தப் பக்கத்திலிருந்து வருமாம்.
அந்தப் பக்கத்திலும் அதையேதான் சொன்னார்களாம்.
பெரியவளைக் கட்டிக் கொடுத்திருந்தது நகரியில்.
பதினோராம் நாள்
பிள்ளையைச் சுவர்மேல் தூக்கிக் காட்டினார்கள்.
தமிழில் ஒரு பேர் சொன்னோம், தெலுங்கில் ஒரு பேர் வைத்தார்கள்.
பிறகு சுவரை இடித்தார்கள்.
கல்லை எடுத்துப்போக யாரும் வரவில்லை.
'நாப்பது கல்லு என் தலையிலதான் வந்துச்சு.'

கட்டுமான உதவி: சொந்தம், நன்கொடை, அரசு?
சுகுணா யோசிக்கவே இல்லை.
'அரசுதான்.'

ஆறு மணிக்கு நகரியில் தேசராணிக்கு ராத்திரி ஷிப்ட்.
என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள்.
தாரில் இன்னும் சிமெண்ட் தழும்பு இருக்கிறது.
வண்டி அதில் ஒருமுறை தூக்கிப் போட்டது.
அதற்கு அப்பால்தான் டவர் கிடைக்கும்.
நிறுத்தி, பதினைந்து வீட்டையும் அனுப்பக் கை வைத்தேன்.

'அக்கா, போன்ல புள்ளி விட்டுட்டீங்க.'
எப்போது பார்த்தாள்?
இடம் இல்லை என்றேன்.
தோளுக்கு மேலாக எட்டி
திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்,
அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி.
'மூணையும் பேரையும் ஒட்டி எழுதுங்க.
ஒரு இடம் மிஞ்சும்.'

ஒட்டினேன்.
மிஞ்சியது.
புள்ளி வைத்தேன்.

இந்த வேலைக்கு எத்தனாவது படிக்கணும் என்றாள்.
பன்னிரண்டு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஆந்திராவுக்கு வரவேற்று
தெலுங்கில் ஒரு செய்தி வந்தது.
அவளே படித்துச் சொன்னாள்.